முதல் ஷிஃப்டுக்கு முன்பே முதல் பஸ்

ஊர் எல்லையில் புதிது புதிதாகத் தொழிற்பூங்காக்கள் எழுகின்றன. அங்கே வேலைக்குப் போகிறவர்கள் எப்படிப் போய்வருவார்கள் என்பதை, நிலம் தேர்வு செய்யும் அன்றே முடிவு செய்தாக வேண்டும்.

அதிகாலை நாலரை மணிக்கே காஞ்சிபுரம், உத்திரமேரூர், செய்யாறு பக்கத்துக் கிராமச் சாலைகளில் கம்பெனி பஸ்கள் ஓடத் தொடங்கிவிடும். டீக்கடை வாசலிலும் நிழற்குடையிலும் கழுத்தில் அடையாள அட்டையோடு இளம்பெண்கள் நிற்பார்கள். ஆறு மணி ஷிஃப்டுக்கு நாலு மணிக்கு எழுந்தாக வேண்டும். மதியம் இரண்டு மணிக்கு வேலை முடிந்தாலும், வழியில் ஒவ்வொரு நிறுத்தமாக இறக்கிவிட்டு வீடு சேர நாலு ஆகிவிடும். எட்டு மணி நேர வேலை இப்படித்தான் பன்னிரண்டு மணி நேரமாக நீள்கிறது. அந்தக் கூடுதல் நாலு மணி நேரத்துக்குச் சம்பளம் கிடையாது.

இந்தியாவில் ஆலை வேலைக்குப் போகும் பெண்களில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். நாம் பெருமைப்பட வேண்டிய சாதனை இது. அந்தச் சாதனையைத் தினமும் தோளில் சுமப்பவர்கள், பயணத்தில் தங்கள் தூக்கத்தையும் உடல்நலத்தையும் பிள்ளைகளோடு இருக்கும் நேரத்தையும் இழந்துகொண்டிருக்கிறார்கள். இதற்குக் காரணம் பஸ் பற்றாக்குறை மட்டும் என்று நினைத்தால் பிரச்சினையின் வேர் தெரியாது. ஆலைக்கு இடம் குறித்த நாளிலேயே அவர்களுடைய பயணமும் குறிக்கப்பட்டுவிட்டது. பிறகு சேர்க்கும் சாலை, மேம்பாலம், மெட்ரோ எல்லாமே தாமதமாக, பெருஞ்செலவில் செய்யும் பழுதுபார்ப்புதான்.

தண்டவாளத்தை ஒட்டிப் பிறந்த பேட்டைகள்

நமக்கு இது தெரியாத வித்தை ஒன்றும் இல்லை. காமராஜர் முதல்வராகவும் ஆர்.வெங்கட்ராமன் தொழில் அமைச்சராகவும் இருந்த காலத்தில், 1958-இல் கிண்டி தொழிற்பேட்டை உருவானது. அன்றைக்குக் கிண்டி, நகரத்தின் விளிம்பு. ஆனால், கடற்கரை – தாம்பரம் மின்ரயில் 1931 முதலே அந்த வழியாக ஓடிக்கொண்டிருந்தது. ரயிலில் இருந்து இறங்கியவர் நடந்தே பட்டறைக்குப் போகலாம். 1964-இல் வந்த அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும் இதே அமைப்புத்தான். சென்ட்ரல் – அரக்கோணம் பாதையின் அம்பத்தூர், பட்டரவாக்கம் நிலையங்கள் பேட்டையின் பக்கத்திலேயே இருந்தன. திருவள்ளூரிலிருந்தும் ஆவடியிலிருந்தும் சீசன் டிக்கெட்டில் வந்துபோன ஒரு தலைமுறையின் குடும்பங்கள், அந்தப் பேட்டையின் கூலியில் வீடு கட்டின.

அந்தக் காலத்தில் கார் வைத்திருந்தவர்கள் சிலர்தான். தொழிலாளியை ஆலைக்குக் கொண்டுவர ரயிலையும் பஸ்ஸையும் சைக்கிளையும் விட்டால் வேறு வழி இல்லை. எனவே இடம் தேர்வு செய்தவர்கள் இயல்பாகவே தண்டவாளத்தைத் தேடிப் போனார்கள். பின்னால் வந்த காலத்தில் நெடுஞ்சாலை அகலமானது, மோட்டார் சைக்கிள் கடனில் எளிதாகக் கிடைத்தது. இடம் தேர்வு செய்பவரின் பார்வை தண்டவாளத்திலிருந்து பைபாஸுக்குத் திரும்பியது. ஒரே இடத்தில் பெரும்பரப்பு, ஏக்கர் விலை குறைவு, துறைமுகத்துக்கு லாரி போக வசதி. இந்த மூன்றும் பார்க்கப்பட்டன. ஆட்கள் எப்படி வருவார்கள் என்பது அவரவர் பாடு என்று விடப்பட்டது.

ஓ.எம்.ஆர். கற்றுத்தந்த பாடம்

தரமணியில் டைடல் பார்க் 2000-இல் திறந்தது. பறக்கும் ரயில் 2004-இல் திருவான்மியூர் வரை வந்ததால், டைடல் ஊழியர்களுக்கு ஓரளவு வழி பிறந்தது. ஆனால், அந்த ரயில் தரமணியைத் தாண்டியதும் வேளச்சேரி நோக்கி மேற்கே திரும்பிவிடுகிறது. ஐ.டி. நிறுவனங்களோ ஓ.எம்.ஆர். எனப்படும் பழைய மகாபலிபுரம் சாலையில் துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், சிறுசேரி என்று தெற்கே நீண்டன. அந்தப் பாதைக்கு அரசு கொடுத்தது ஆறுவழிச் சாலை. மத்திய கைலாஷ் முதல் சிறுசேரி வரை 2008-இல் திறந்தார்கள். சில ஆண்டுகளிலேயே அது நிரம்பி வழிந்தது. சாலையை அகலப்படுத்தினால் நெரிசல் தீரும் என்ற நம்பிக்கையில் இன்னும் பல கார்கள் வந்தன, இன்னும் பல அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன.

இப்போது மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை 45 கிலோமீட்டருக்கு மெட்ரோ கட்டிக்கொண்டிருக்கிறோம். மூன்று வழித்தடங்கள் சேர்ந்த இரண்டாம் கட்டத்தின் மொத்த மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். ஒன்றிய அமைச்சரவையின் ஒப்புதல் 2024 அக்டோபரில்தான் கிடைத்தது. சிறுசேரிக்கு மெட்ரோ வர வேண்டியது அவசியம், வரவேற்கிறோம். ஆனால், வேலை வந்து இருபது ஆண்டுக்கு மேல் கழித்து ரயில் வருகிறது. அந்த இருபது ஆண்டில் ஒரு தலைமுறை தன் இளமையை சோழிங்கநல்லூர் சிக்னலிலும் பெருங்குடி சுங்கச்சாவடியிலும் கழித்துவிட்டது.

ஓசூருக்கு அந்தப் பக்கம் இதைவிடக் கடுமையான உதாரணம் இருக்கிறது. பெங்களூரின் எலெக்ட்ரானிக் சிட்டியை கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 1978-இல் தொடங்கியது. நெரிசலைத் தாங்க முடியாமல் 2010-இல் ஏறத்தாழ 10 கிலோமீட்டருக்கு உயர்மட்டச் சாலை கட்டினார்கள். கடைசியில் மெட்ரோவின் மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டில் ஓடத் தொடங்கியது. தொழிற்பேட்டைக்கும் ரயிலுக்கும் இடையே 47 ஆண்டு இடைவெளி. தொடக்கத்திலேயே ரயிலுக்கு நிலம் ஒதுக்கி வைத்திருந்தால் இத்தனை காலமும் இத்தனை செலவும் ஆகியிருக்காது.

கார் ரயிலில் போகிறது, தொழிலாளி?

சென்னைக்கு மேற்கே நிலைமை இன்னும் சிக்கலானது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அடுத்தடுத்த ஆண்டுகளில் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் என்று ஆலைகள் பரவின. ஸ்ரீபெரும்புதூருக்குப் பயணிகள் ரயில் கிடையாது. ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் கூடுவாஞ்சேரிக்குப் போக வேண்டிய பாதை பல ஆண்டுகளாகத் திட்டமாகவே இருக்கிறது. ஒரகடத்துக்கு அருகில் உள்ள மின்ரயில் நிலையம் சிங்கப்பெருமாள்கோவில். அங்கிருந்து சாலைவழி பத்து கிலோமீட்டருக்கும் மேல். வாலாஜாபாத் நிலையத்தில் இந்த வட்டாரத்தின் புதுக் கார்களை சரக்கு ரயிலில் ஏற்றி வடநாட்டுக்கு அனுப்புகிறார்கள். அந்தக் காரை உருவாக்கிய தொழிலாளிக்கு வீடு திரும்ப ரயில் இல்லை.

இந்த இடைவெளியைக் கம்பெனி பஸ்கள்தான் நிரப்புகின்றன. அவை இல்லாவிட்டால் இந்தத் தொழில் வட்டாரமே நின்றுவிடும். பெண்களின் பாதுகாப்புக்கும் அவை முக்கியம். இரவு ஷிஃப்டில் பெண்கள் வேலை செய்யலாம் என்று 2000-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, போக்குவரத்து வசதி செய்து தருவதையும் ஒரு நிபந்தனையாக வைத்தது. ஆனால், ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாக வண்டி விடுகிறது. ஒரே கிராமத்துக்கு அடுத்தடுத்து நாலு கம்பெனி பஸ், ஒவ்வொன்றிலும் காலி இருக்கைகள். பக்கத்து ஆலையில் வேலை பார்க்கும் தங்கை அக்காவின் பஸ்ஸில் ஏற முடியாது. சிறு உதிரிப்பாகப் பட்டறையின் தொழிலாளிக்கும், கேன்டீன் ஊழியருக்கும், துப்புரவுப் பணியாளருக்கும் பல இடங்களில் எந்த பஸ்ஸும் கிடையாது. அவர்களுக்கு ஷேர் ஆட்டோ, இல்லையென்றால் தவணையில் எடுத்த பைக்.

அந்த பைக்கில் அபாயம் உண்டு. 2022-இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள். இந்திய மாநிலங்களிலேயே அதிகம். இறந்தவர்கள் 17,884 பேர். நாடு முழுவதும் அந்த ஆண்டு சாலையில் இறந்தவர்களில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். கன்டெய்னர் லாரி ஓடும் சாலையில், இரவு ஷிஃப்ட் முடித்துத் தூக்கக் கலக்கத்தோடு பைக் ஓட்டிப் போகும் இளைஞனை இந்த எண்களோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தூரத்தைக் குறைக்க அரசு எடுத்த முயற்சிகளில் குறிப்பிடத்தக்கது வல்லம் வடகால் விடுதி. 706.50 கோடி ரூபாயில் 18,720 பேர் தங்கும் வளாகத்தை 2024 ஆகஸ்டில் முதல்வர் திறந்து வைத்தார். 2021 டிசம்பரில், ஆலைத் தொழிலாளர் விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி நூற்றுக்கணக்கான பெண்கள் நோயுற்றதும், ஆயிரக்கணக்கானோர் பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்து அமர்ந்ததும் நினைவிருக்கும். அந்தக் கொதிப்புக்குப் பிறகு கிடைத்த நல்ல விடை இது. இருந்தாலும், திருமணமாகிக் குழந்தை பிறந்ததும் விடுதி வாழ்க்கை முடிந்துவிடுகிறது. அதன் பிறகும் ஒரு பெண் வேலையில் நீடிக்க, ஆலையிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் கட்டுப்படியாகும் வாடகை வீடும், குழந்தைகள் காப்பகமும், பள்ளிக்கூடமும் வேண்டும். கட்டிலோடு நின்றுவிடாமல் குடும்பம் வரை திட்டமிட்டால்தான் பயிற்சி பெற்ற கைகள் ஆலையில் தங்கும்.

ஏக்கருக்கு எத்தனை பேர்?

சரி, புதிதாக ஒரு தொழிற்பூங்காவுக்கு எப்படி இடம் தேர்வு செய்வது? நெதர்லாந்து 1980களின் இறுதியில் இதற்கு எளிமையான ஒரு விதியை வகுத்தது. இடங்களை அவர்கள் ஏ, பி, சி என்று பிரித்தார்கள். பெரிய ரயில் நிலையத்தின் அருகே உள்ளது ஏ. நல்ல பொதுப் போக்குவரத்தும் நெடுஞ்சாலையும் இரண்டும் எட்டும் இடம் பி. நெடுஞ்சாலை மட்டும் உள்ளது சி. தொழில்களையும் அதேபோல் பிரித்தார்கள். ஒரு பரப்பில் ஏராளமான ஊழியர்கள் இருக்கும் அலுவலகங்கள் ஏ-க்குப் போக வேண்டும். சரக்கு அதிகமாகவும் ஆட்கள் குறைவாகவும் உள்ள கிடங்குகள் சி-க்குப் போகலாம். ஏ இடங்களில் நாட்டின் மேற்குப் பெருநகரப் பகுதியில் நூறு ஊழியருக்குப் பத்து கார் நிறுத்துமிடம்தான் அனுமதி. பி இடங்களில் இருபது. உள்ளாட்சிகள் முதலீட்டுக்காக ஒன்றோடொன்று போட்டியிட்டு விதியைத் தளர்த்தியதால், பின்னாளில் அந்தக் கொள்கை கைவிடப்பட்டது. அதன் அடிப்படைக் கேள்வி மட்டும் இன்றும் பழுதில்லாதது: ஏக்கருக்கு எத்தனை பேர் வேலை செய்யப் போகிறார்கள்?

இந்தக் கேள்வியைத் தமிழ்நாட்டில் கேட்டுப் பாருங்கள். செல்போன் தயாரிக்கும் ஆலை, காலணி ஆலை, ஆயத்த ஆடை, ஐ.டி. அலுவலகம் ஆகியவற்றில் ஒரு ஏக்கரில் நூற்றுக்கணக்கான பேர் வேலை செய்வார்கள். இவை ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்திலோ, ஏற்கெனவே பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் ஓடும் சாலையிலோ அமைய வேண்டும். குளிர்பதனக் கிடங்கு, சரக்குப் பெட்டக முனையம், சூரியத் தகடு அடுக்கிவைக்கும் முற்றம் ஆகியவை பைபாஸிலேயே இருக்கட்டும். அங்கே லாரிதான் முக்கியம். இன்று நாம் இரண்டு வகைக்கும் ஒரே இடத்தில் மனை ஒதுக்குகிறோம்.

ரயிலடியில் தொழிற்பூங்கா அமைக்க முடியும் என்பதற்குச் செங்கல்பட்டு அருகே சாட்சி உண்டு. அரசு நிறுவனமான டிட்கோவும் மஹிந்திரா குழுமமும் இணைந்து 2002-இல் தொடங்கிய மஹிந்திரா வேர்ல்டு சிட்டியின் விளிம்பிலேயே பரனூர் ரயில் நிலையம் இருக்கிறது. கடற்கரை – செங்கல்பட்டு மின்ரயில்கள் அங்கே நிற்கின்றன. தாம்பரத்திலிருந்தும் மறைமலை நகரிலிருந்தும் வரும் ஒருவர் காரோ பைக்கோ இல்லாமல் அங்கே வேலை பார்க்க முடியும். ஆனால், ஏறத்தாழ 1,500 ஏக்கர் பூங்காவில் நிலையத்திலிருந்து கடைசி மனைக்கு நடக்க அரை மணிக்கும் மேல் ஆகும். ரயில் வந்து நிற்கும் நேரத்தோடு பொருந்தும் உள்சுற்று பஸ் இருந்தால்தான் அந்த நிலையத்தின் முழுப் பயனும் கிடைக்கும்.

நிலையம் இல்லாமல் முதலில் கட்டிவிட்டு, பிறகு நிலையத்தைத் தேடுவது எவ்வளவு வேதனை என்பதையும் அதே ரயில் பாதையில் பார்த்தோம். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டபோது, பக்கத்தில் தண்டவாளம் இருந்தது. இறங்க நிலையம் இல்லை. குழந்தையும் மூட்டையுமாக மக்கள் ஜி.எஸ்.டி. சாலையில் அல்லாடினார்கள். பஸ் நிலையத்துக்கு நேர்ந்தது தொழிற்பூங்காக்களுக்கும் நேரக் கூடாது.

வாசல் எந்தப் பக்கம்?

நல்ல இடத்தைத் தேர்ந்தெடுத்தும் வரைபடத்தில் கோட்டை விடலாம். நமது தொழிற்பூங்காக்களுக்குப் பெரும்பாலும் நெடுஞ்சாலையைப் பார்த்து ஒரே வாசல். பஸ் உள்ளே வராது. வந்தாலும் முட்டுச்சந்தில் திரும்ப வேண்டும். சுற்றிவந்து நேரத்தை இழக்க ஓட்டுநருக்கும் விருப்பம் இராது, போக்குவரத்துக் கழகத்துக்கும் டீசல் வீண். ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் அடுத்த ஊருக்கு வெளியேறும் ஊடுசாலை இருந்தால், ஊருக்குப் போகும் வழக்கமான டவுன் பஸ்ஸே பூங்காவுக்குள் போய்வரும். தொழிலாளிக்கும் வழி, பக்கத்துக் கிராமத்துக்கும் வழி.

ஒவ்வொரு ஆலைக் கதவும் பஸ் நிறுத்தத்திலிருந்து 400 மீட்டருக்குள், அதாவது ஐந்து நிமிட நடைக்குள் இருக்க வேண்டும். அந்த ஐந்து நிமிடமும் புங்கையோ வேம்போ நிழல் தர வேண்டும். சித்திரை வெயிலில் நிழலில்லாத நடைபாதையை யாரும் பயன்படுத்துவதில்லை. ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்காமல் மட்டம் சரியாக இருக்க வேண்டும். இரவு பத்து மணி ஷிஃப்டுக்குப் போகும் பெண் பயமின்றி நடக்க விளக்கு எரிய வேண்டும். லாரிகளுக்குத் தனி வழியும் தனி நிறுத்துமிடமும் இல்லாவிட்டால், அவை அணுகுசாலையில் வரிசை கட்டி நிற்கும். நடப்பவரும் சைக்கிளில் வருபவரும் ஓடும் வண்டிகளுக்கு நடுவே தள்ளப்படுவார்கள்.

சைக்கிளை மறந்துவிட்டோம் என்பது எனக்கு ஆழ்ந்த வருத்தம். பதினோராம் வகுப்பில் அரசு தந்த சைக்கிளில் பள்ளிக்குப் போன பெண்தான் இன்று ஆலைத் தொழிலாளி. ஐந்து கிலோமீட்டரை இருபது நிமிடத்தில் மிதித்துப் போக அவளுக்குத் தெரியும். நெடுஞ்சாலையின் நடுத் தடுப்பும், அதைத் தாண்ட வழியில்லாத நிலையும் அவளைத் தடுக்கின்றன. பூங்காவைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து தனித் தடமும், நெடுஞ்சாலைக்குக் கீழே ஒரு சுரங்கப்பாதையும் போட்டுக்கொடுத்தால் போதும். உள்ளூர்க்காரர்கள் செலவே இல்லாமல் வேலைக்கு வந்துவிடுவார்கள்.

நிறுத்துமிடத்தின் விலை

கட்டட அனுமதி கேட்கும்போது எத்தனை காருக்கு இடம் விட வேண்டும் என்று நமது விதிகள் கணக்குச் சொல்கின்றன. எத்தனை பஸ் இருக்கை உறுதி செய்ய வேண்டும் என்று கேட்பதில்லை. ஒரு காரைத் திறந்தவெளியில் நிறுத்த, வந்து திரும்பும் வழியையும் சேர்த்து 23 சதுர மீட்டர் தேவை. கட்டடத்தின் அடித்தளத்தில் என்றால் 32. ஐ.டி. அலுவலகத்தில் ஓர் ஊழியர் உட்கார்ந்து வேலை செய்ய 10 சதுர மீட்டர் போதும். ஆக, ஒரு கார் நிற்கும் இடத்தில் இரண்டு மூன்று பேருக்கு வேலையே கொடுக்கலாம். 2,000 கார் நிற்க 46,000 சதுர மீட்டர், அதாவது 11 ஏக்கருக்கும் மேல். அவ்வளவு நிலமும் விவசாயியிடமிருந்து பொதுநன்மையின் பெயரால் எடுக்கப்பட்டது என்பதை மறக்கக் கூடாது.

எனவே காருக்கு இத்தனை இடம் கட்டாயம் என்ற விதி, இதற்கு மேல் கூடாது என்ற வரம்பாக மாற வேண்டும். வரம்புக்குள் நிறுத்துபவரும் கட்டணம் செலுத்தட்டும். அந்தப் பணம் பஸ்ஸுக்குப் போகட்டும். மாற்றுத்திறனாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வாசலருகே இடம் இலவசமாக இருக்க வேண்டும்.

ஒரு பஸ், மூன்று ஷிஃப்ட்

பூங்காவில் தலா ஆயிரம் தொழிலாளர் கொண்ட மூன்று ஆலைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்றும் காலை ஆறு மணிக்கே தொடங்கினால், ஐம்பது பேர் ஏறும் பஸ் அறுபது வேண்டும். ஒன்று ஆறு மணிக்கும், அடுத்தது ஏழுக்கும், மூன்றாவது எட்டுக்கும் தொடங்கட்டும். ஊரிலிருந்து அரை மணிக்குள் வந்துசேரும் தூரமாக இருந்தால், அதே இருபது பஸ் மூன்று நடை அடித்து வேலையை முடித்துவிடும். திரும்பும் நேரமும் அப்படியே. தேவைப்படும் பஸ்களின் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்காக இறங்கும், சாலையில் நெரிசலும் குறையும். இதற்குத் தேவை மூன்று மனிதவள மேலாளர்களை ஒரே மேசையில் உட்கார வைக்கும் அதிகாரம். அது தொழிற்பூங்காக்களை அமைக்கும் அரசு நிறுவனமான சிப்காட்டிடம் இருக்கிறது.

கம்பெனி பஸ்களையும் அதேபோல் ஒன்றுசேர்க்க வேண்டும். பூங்கா முழுமைக்கும் ஒரே அணி, ஒரே அட்டவணை. எந்த ஆலையின் அடையாள அட்டை இருந்தாலும் ஏறலாம். காலி இருக்கை இருந்தால் வழியில் நிற்கும் கிராமத்தவரும் டிக்கெட் எடுத்து ஏறலாம். விடியல் பயணம் 2021 மே மாதம் தொடங்கிய பிறகு, சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்கள் கட்டணமின்றிப் போகிறார்கள். மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாக மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. அந்த பஸ் ஷிஃப்ட் நேரத்தில் ஆலை வாசலுக்கும் வந்தால், சிறு பட்டறைப் பெண்ணுக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் அந்தச் சேமிப்பு கிடைக்கும்.

நேரம் இதில் முக்கியமான விஷயம். வேலையில் சேரும் முதல் வாரத்தில்தான் எப்படிப் போய்வருவது என்று மனிதர் முடிவெடுக்கிறார். அன்றைக்கு பஸ் இல்லையென்றால் பைக்குக்கு முன்பணம் கட்டிவிடுவார். ஆறு மாதம் கழித்துக் குளிர்சாதன மின்சார பஸ்ஸே விட்டாலும், தவணை கட்டிக்கொண்டிருப்பவர் அதில் ஏற மாட்டார். பஸ் காலியாக ஓடுகிறது என்று கழகம் அதை நிறுத்திவிடும். ஆகவே முதல் ஆலையின் முதல் ஷிஃப்டுக்கு முன்பே, ஆள் குறைவாக இருந்தாலும், பஸ் ஓட வேண்டும். அந்தத் தொடக்க கால நட்டத்தைக் கட்டுமானச் செலவில் ஒரு பகுதியாகவே கருத வேண்டும். சாலைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் அப்படித்தானே செய்கிறோம்.

பணம் எங்கிருந்து வரும்?

பிரான்ஸ் நாட்டுக்கு இதில் அரை நூற்றாண்டு அனுபவம் உண்டு. 1971-இல் பாரிஸ் வட்டாரத்திலும் 1973 முதல் மற்ற நகரங்களிலும் ஒரு வரி வந்தது. இன்று 11 பேரோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்கள், தாங்கள் கொடுக்கும் மொத்த ஊதியத்தில் ஒரு பங்கைப் பொதுப் போக்குவரத்துக்குச் செலுத்துகின்றன. பாரிஸ் நகரில் அது ஏறத்தாழ 3 விழுக்காடு. தொழிலாளி வந்து சேர்வதால் லாபமடைவது நிறுவனமும்தான் என்ற நியாயம் அதில் இருக்கிறது. ஜப்பானில் ஊழியரின் ரயில், பஸ் கட்டணத்தை நிறுவனமே கொடுப்பது பரவலான வழக்கம். குறிப்பிட்ட வரம்பு வரை அதற்கு வருமான வரியும் இல்லை. பிரிட்டனில் ஊர் எல்லையில் பெரிய அலுவலகம் கட்ட அனுமதி கேட்பவர், ஊழியர்களின் பயணத் திட்டத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அதிக நிபந்தனை போட்டால் முதலீடு ஆந்திரத்துக்கோ குஜராத்துக்கோ போய்விடும் என்று அஞ்சுகிறார்கள். நிறுவனங்கள் இப்போதே தனித்தனி பஸ்ஸுக்கும் கேப்புக்கும் பெரும் பணம் செலவழிக்கின்றன. பயணக் களைப்பால் ஆட்கள் வேலையை விட்டுப் போவதால், புதியவர்களுக்குத் திரும்பத் திரும்பப் பயிற்சி தருகின்றன. அந்தச் செலவைப் பொது நிதியில் சேர்த்து, திறமையான பொதுச் சேவையை உருவாக்கினால் அவர்களுக்கும் மிச்சம். மனை விலையோடு ஏக்கருக்கு இவ்வளவு என்று போக்குவரத்துப் பங்கு வாங்கலாம். கார் நிறுத்தக் கட்டணத்தையும் அதில் சேர்க்கலாம். நேரத்துக்கு வந்துசேரும் தொழிலாளர்களை உறுதியளிக்கும் பூங்காவைத் தேடி முதலீடு தானே வரும்.

சிறு நகரங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது

சென்னையின் தவறுகளைத் திருத்த ஆயிரக்கணக்கான கோடிகள் ஆகும். விழுப்புரம், சேலம், தஞ்சாவூர், தூத்துக்குடி போன்ற நகரங்கள் அந்தத் தவறைச் செய்யாமலேயே இருக்கலாம். 2024-இல் இந்த நாலு இடங்களிலும் டைடல் நியோ பூங்காக்கள் திறக்கப்பட்டன. ஒவ்வொன்றும் 55,000 முதல் 63,000 சதுர அடி. சில நூறு பேர் வேலை செய்யும் அளவு. இவை சிறிய கட்டடங்கள்தான். ஆனால், இவற்றைச் சுற்றித்தான் நாளைய நகரம் வளரும். விழுப்புரம் மாவட்டத்துக்கான பூங்கா வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில், புதுச்சேரி பக்கமாக இருக்கிறது. சேலத்துக்கானது கருப்பூர் அருகே. சொந்த ஊரிலேயே ஐ.டி. வேலை என்று ஆசையோடு திரும்பிவரும் பட்டதாரிப் பெண், வீட்டிலிருந்து அங்கே எப்படிப் போவாள் என்பதற்கு விடை ஆயத்தமாக இருக்க வேண்டும்.

அதற்கான கருவிகளில் ஒன்று நம்மிடமே இருக்கிறது. 1997-இல் தமிழ்நாடு கண்ட மினி பஸ் திட்டம், 2025 ஜூனில் தஞ்சாவூரில் புதிய வடிவில் தொடங்கி வைக்கப்பட்டது. 25 கிலோமீட்டர் வரையிலான தடம், அதில் பெரும்பகுதி பஸ்ஸே பார்க்காத பாதை என்பது அதன் அடிப்படை. ரயில் நிலையம், பஸ் நிலையம், தொழிற்பூங்கா மூன்றையும் இணைக்க இதைவிடப் பொருத்தமான வண்டி கிடையாது. தடம் வகுக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலரும் பூங்கா அமைக்கும் நிறுவனமும் ஒருவரோடொருவர் பேசினால் போதும்.

உங்கள் ஊருக்குத் தொழிற்பூங்கா வருகிறதா? கிராமசபையில் கேளுங்கள்

• அருகிலுள்ள ரயில் நிலையம் அல்லது நகர பஸ் நிலையம் எத்தனை கிலோமீட்டர்? அங்கிருந்து எத்தனை நிமிடத்துக்கு ஒரு பஸ்?

• ஏக்கருக்கு எத்தனை பேருக்கு வேலை? ஆள் அதிகம் தேவைப்படும் ஆலையா, கிடங்கா?

• பஸ் பூங்காவுக்குள் நுழைந்து மறுபக்கம் நம் ஊர் வழியாக வெளியேற முடியுமா?

• நடந்தும் சைக்கிளிலும் வருபவர்கள் நெடுஞ்சாலையைத் தாண்ட என்ன வழி?

• லாரிகள் எங்கே நிற்கும்?

• இரவு ஷிஃப்ட் முடிந்து வரும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு வண்டி உண்டா?

• குடும்பத்தோடு வாடகைக்கு இருக்க வீடுகளுக்கும் குழந்தைகள் காப்பகத்துக்கும் வரைபடத்தில் இடம் இருக்கிறதா?

இனி செய்ய வேண்டியது

சென்னைப் பெருநகருக்கு ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம் வேண்டும் என்று 2010-இலேயே சட்டம் இயற்றினோம். அந்தக் குழுமத்தின் முதல் கூட்டம் 2022 நவம்பரில்தான் நடந்தது. தாமதத்தின் விலையை ஓ.எம்.ஆர். பயணிகள் கொடுத்தார்கள். கோவை, ஓசூர், தூத்துக்குடி ஆகியவை இப்போது வேகமாக வளர்கின்றன. அங்கே இன்னொரு பன்னிரண்டு ஆண்டு காத்திருக்க முடியாது.

அரசிடம் நாம் வைக்கும் கோரிக்கை ஒன்றே. தொழிற்பூங்காவுக்கான நிலம் எடுப்பு ஆணை வெளியாகும்போது, அதோடு பயணத் திட்டமும் வெளியாக வேண்டும். எந்த நிலையத்திலிருந்து, எத்தனை மணிக்கு, யாருடைய செலவில் பஸ் ஓடும் என்பது அதில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை தொழிலாளர்களிடம் கணக்கெடுத்து, எத்தனை பேர் எதில் வருகிறார்கள் என்ற முடிவைப் பொதுவில் வைக்க வேண்டும். சொன்னபடி பஸ் ஓடாத பூங்காவுக்கு அடுத்த கட்ட விரிவாக்க அனுமதியை நிறுத்த வேண்டும். சிப்காட்டும் டைடலும் போக்குவரத்துக் கழகமும் ரயில்வேயும் கையெழுத்திட்ட அந்த அட்டவணை வரும்வரை, ஒரு சென்ட் மனைகூட ஒதுக்கக் கூடாது.